ஐந்தாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்: இரண்டு காயில்களைத் தின்ற ஒரு பழைய பிளக்

வண்டி, வி-6 பெட்ரோல் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள பிக்கப். 1,90,000 கிலோமீட்டர் ஓடியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில், அதாவது பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தரும் சுருள். ஸ்பார்க் பிளக்கின் தலைமேலேயே நேராக உட்காரும் வகை. காலி வண்டியாக எங்கே வேண்டுமானாலும் போகலாம், சரக்கு ஏற்றி மேட்டில் ஏறினால்தான் தொல்லை என்றார் உரிமையாளர். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் வண்டி உதறத் தொடங்குகிறது, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. காலை இன்னும் அழுத்தி, கியர் ஒருபடி இறங்கிவிட்டால் உதறல் அடங்கிவிடுகிறது.

இப்படிச் சொல்லத் தெரிந்த உரிமையாளர் அமைவது அபூர்வம். ‘வண்டி இழுக்கவில்லை’ என்று ஒற்றை வரியில் சொல்லிச் சாவியை நீட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். கோளாறு எப்போது வருகிறது என்பதோடு எப்போது வருவதில்லை என்பதும் தெரிந்தால், தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

வண்டியோடு ஒரு கட்டு பில்லும் வந்தது. திராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை அளவாக விடும் வாயில்) சுத்தம் செய்தது, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் கழுவியது, ஐந்தாவது சிலிண்டரின் காயில் மாற்றியது, சில மாதங்கள் கழித்து அதே காயிலை மறுபடி மாற்றியது. காயில் மாற்றிய இரண்டு முறையும் வண்டி கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியிருக்கிறது, பிறகு பழைய கதை. இவற்றுக்கெல்லாம் முந்தைய பில் ஒன்றில், 1,10,000 கிலோமீட்டரில், ‘ஸ்பார்க் பிளக் 6 மாற்றம்’ என்று இருந்தது.

“பிளக் மாற்றி எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஆகிறது, அதில் கைவைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்” என்றார் அவர்.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. சாதாரண நிக்கல் முனைப் பிளக்குகள் 30,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை தாங்கும். இந்த இன்ஜினுக்கு உரியது இரிடியம் முனைப் பிளக். அதன் மாற்றுக் காலமாகக் கையேடு சொல்வது 1,60,000 கிலோமீட்டர். பில்லை நம்பினால் பிளக்குகள் பாதி வயதைத்தான் கடந்திருந்தன.

சுமையில் மட்டும் ஏன்?

வண்டிக் கணினியின் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் முன்பே இந்த வண்டியில் எனக்குப் பிளக் மீதுதான் சந்தேகம். அதற்குக் காரணம் இருக்கிறது.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. திறந்த காற்றில் அந்த இடைவெளியைப் பொறி தாண்ட 3,000 வோல்ட் அளவு போதும். அதனால்தான் பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை அவ்வளவு நம்பத்தக்கதாக இல்லை; வெளியே அடிக்கும் பொறி உள்ளேயும் அடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை அழுத்தப்பட்டு நெருங்கிக் கிடக்கிறது. அழுத்தம் கூடக் கூட, அதே இடைவெளியைத் தாண்டுவதற்குத் தேவையான வோல்ட்டும் கூடுகிறது. இடைவெளி அகன்றாலும் அதே கதைதான். அழுத்தமும் இடைவெளியும் சேர்ந்து கூடும்போது காயிலின் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது.

ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், சிலிண்டருக்குள் போகும் காற்று சொற்பம், அழுத்தமும் குறைவு. தேய்ந்த பிளக்கும் அங்கே சமாளித்துவிடும். மேட்டில், மேல் கியரில், நிமிடத்துக்கு 1,500 சுற்றில், திராட்டிலை நன்றாகத் திறந்து இன்ஜின் மூச்சுப் பிடித்து இழுக்கும்போது சிலிண்டர் முழுக்க நிரம்புகிறது. பொறிக்கு அதைவிடக் கடினமான நேரம் கிடையாது. கியர் ஒருபடி இறங்கியதும் அதே சக்தியை இன்ஜின் கூடுதல் சுற்றில், ஒவ்வொரு அடிக்கும் குறைந்த நிரப்பலோடு தந்துவிடுகிறது. அதனால்தான் உதறல் அடங்கியது. உரிமையாளர் சொன்ன அந்தக் கடைசி விவரம் தற்செயலானது அல்ல.

மாறாக, இன்டேக்கில் காற்றுக் கசிவு இருந்தால் ஐடிலிங்கில்தான் அதிகம் துடித்திருக்கும். சுமையில் சீராகிவிடும். பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்தால் சுமையில் தொல்லை வரும், ஆனால் அது எல்லாச் சிலிண்டரையும் சேர்த்துப் பட்டினி போடும்; ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்காது.

ஸ்கேனர் சொன்னதும் சொல்லாததும்

பதிவாகியிருந்த குறியீடுகள் இரண்டு: பி0300, பி0305. முதலாவது, குறிப்பிட்ட சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதாவது கலவை எரியாமல் போகும் மிஸ்ஸிங். இரண்டாவது, ஐந்தாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். குறியீடு விழுந்த நொடியில் கணினி சேமித்துவைத்த விவரமும் கிடைத்தது: 1,480 சுற்று, 62 கிலோமீட்டர் வேகம், 84 சதவீதச் சுமை, இன்ஜின் வெப்பம் 91 டிகிரி. உரிமையாளர் வாயால் சொன்னதை எண்ணால் எழுதியதுபோல இருந்தது.

எரிபொருள் திருத்தம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, இன்ஜினின் இரு பக்கமும் நான்கு சதவீதத்துக்குள். இந்த எண்ணைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் மட்டுமல்ல, எரியாத ஆக்ஸிஜனும் வெளியேறுகிறது. எக்ஸாஸ்டில் இருக்கும் சென்சார் அளப்பது ஆக்ஸிஜனைத்தான். ஆகவே கலவை மெலிந்துவிட்டது என்று கணினி தவறாக எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கூட்டத் தொடங்கும். மிஸ்ஸிங் நடக்கும் நேரத்துத் திருத்த எண்ணை வைத்து இன்ஜெக்டரைக் குறைசொன்னால் வழி தவறிவிடும். சுமையில்லாமல் சீராக ஓடும்போது எடுத்த எண்தான் இங்கே நான் சொல்வது.

அதைவிடப் பயன்பட்டது, சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் எண்ணிக்கை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஷாஃப்ட் ஒரு சின்ன உந்துதல் பெறுகிறது. எரியாவிட்டால் அந்த இடத்தில் சுழற்சி நூலிழை தாமதமாகிறது. கிராங்க் சென்சார் வழியாகக் கணினி அந்தத் தாமதத்தை எண்ணுகிறது. 1996 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கச் சந்தையில் கட்டாயமான ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை முறையில் இந்தக் கண்காணிப்பும் அடக்கம். குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்தின் குலுக்கல் கிராங்க் வரை போய் இந்தக் கணக்கைக் குழப்பக்கூடும் என்பதால் சமமான தார்ச்சாலை மேட்டில், சரக்கோடு ஓட்டிப் பார்த்தேன்.

ஐடிலிங்கில் ஆறும் பூஜ்யம். மேட்டில் ஐந்தாவது மளமளவென்று ஏறியது. அதில் வியப்பில்லை. என் கவனத்தை இழுத்தது ஆறாவது சிலிண்டர்: எண்ணிக்கை குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. மற்ற நான்கும் சுத்தம்.

ஆறாவதன் எண்ணிக்கை தனிக் குறியீடு விழும் அளவுக்கு எட்டவில்லை, அதனால் குறியீட்டை மட்டும் படித்த யாருக்கும் அது தெரிய வழியில்லை. இந்த இன்ஜினில் 1, 3, 5 ஒரு பக்கம். 2, 4, 6 மறுபக்கம். ஐந்துக்கும் ஆறுக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பொதுவில்லை, எக்ஸாஸ்ட் பொதுவில்லை, வால்வு கவரும் பொதுவில்லை. இருவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: இரண்டும் கடைசியில், வைப்பர் தட்டுக்கு அடியில், கை எளிதில் போகாத இடத்தில் இருக்கின்றன.

காயிலை இடம் மாற்றியபோது

ஐந்தாவது காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டு, அங்கிருந்ததை இங்கே போட்டு ஓட்டிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் சோதனை; செய்யவும் வேண்டும். கோளாறு காயிலோடு இடம்பெயர்ந்தால் காயில் குற்றவாளி, அங்கேயே தங்கினால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டரின் அழுத்தம்) என்று தேட வேண்டும் என்பது பாடம்.

இங்கே இரண்டும் நடந்தன. முதலாவது சிலிண்டர் புதிதாக மிஸ்ஸாகத் தொடங்கியது. ஐந்தாவதும் நிற்கவில்லை, குறைந்தது, அவ்வளவுதான்.

முன்பு பார்த்தவர் எங்கே நின்றுவிட்டார் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். குறியீடு காயிலோடு போகிறது என்று கண்டதும் காயிலை மாற்றியிருப்பார். அவர் கண்டது பொய்யில்லை. அந்தக் காயில் கெட்டுத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடத்தில் இரண்டாவது காயிலும் போனபோது, ‘மட்டமான காயில்’ என்று திட்டிவிட்டு மூன்றாவதைத் தேடுவதற்கு முன், அந்த இடத்தில் காயிலை எது தின்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். காயில் விலையை யார் கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

கழற்றியதில் கிடைத்த சாட்சி

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கைவைக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை எஃகு. சூட்டில் திருகினால் அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் ஆபத்து உண்டு. காயில்களை எடுத்ததும் ஒவ்வொரு பிளக் குழியையும் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தேன். குழியில் கிடக்கும் மணல் துகள் பிளக் எழும்பியதும் நேராகச் சிலிண்டருக்குள் விழும்.

முன்னால் இருந்த நான்கும் சிரமமில்லாமல் வந்தன. ஐந்தாவது குழியில் டார்ச் அடித்தபோது அடியில் இன்ஜின் ஆயில் மின்னியது. வால்வு கவரில் பிளக் குழாயைச் சுற்றி இருக்கும் சீல் இறுகி, ஆயில் கசிந்து தேங்கியிருந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நீட்டுக் கம்பியும் வளையும் மூட்டும் சேர்த்து ஸாக்கெட்டை இறக்கினேன். அசையவில்லை. அங்கே பலத்தைக் காட்டுவது மடமை. துரு விடுவிக்கும் எண்ணெயைச் சில துளி விட்டுக் காத்திருந்து, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று மரையைப் பேச்சுக்கு இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஆறாவதும் அப்படியே.

ஆறையும் சிலிண்டர் வரிசையில் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கினேன். கழற்றிய பிளக்குகளை ஒரே டப்பாவில் கொட்டிவிடுகிறவர்கள் கையிலிருக்கும் சாட்சியைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள்.

முதல் நான்கும் ஒரே தயாரிப்பு. முனை வெளிர்ப் பழுப்பு, இடைவெளி 1.1 மில்லிமீட்டர், கையேடு சொல்லும் அளவு. எண்பதாயிரம் ஓடியவை என்றால் நம்பலாம். ஐந்தும் ஆறும் வேறு தயாரிப்பு. பீங்கானில் அச்சிட்ட எண், வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பொருத்தியிருந்த பிளக்குக்கு உரியது. அதாவது 1,10,000 கிலோமீட்டரில் மாற்றப்பட்டவை ஆறல்ல, நான்கு. கைக்கு எட்டியதை மாற்றி, எட்டாததை விட்டு, பில்லில் மட்டும் ஆறு என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆறாவதன் இடைவெளி 1.45 மில்லிமீட்டர். ஐந்தாவதில் இரிடியம் முனை இருந்த சுவடே இல்லை. நடு முனை உருண்டு மழுங்கி, எதிர் முனையில் குழி விழுந்து, 1.65 மில்லிமீட்டர் அகன்றிருந்தது. உரிய அளவைவிட ஒன்றரை மடங்கு.

அதன் வெள்ளைப் பீங்கானைத் திருப்பிப் பார்த்தால் கதையின் மீதி தெரிந்தது. மேல் முனையிலிருந்து கீழே உலோக உடல் வரை பென்சிலால் கிழித்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பிளக்கின் பீங்கானைக் கவிந்து மூடும் காயிலின் ரப்பர் உறையை நீளவாக்கில் அறுத்து விரித்தேன். பீங்கானில் இருந்த கோட்டுக்கு நேர் எதிரே உறையின் உள்சுவரிலும் அதே கோடு, கரிந்து வெடித்திருந்தது.

நடந்தது இதுதான். மின்சாரம் எளிய வழியைத் தேடும். அகன்றுவிட்ட முனையைச் சுமையில் தாண்ட முடியாதபோது வோல்ட் எகிறுகிறது. ஏறிய மின்னழுத்தம் பீங்கானின் வெளிப்பக்கமாக, ரப்பர் உறைக்கு உள்ளாகவே இறங்கி, ஹெட்டுக்குப் போய்விடுகிறது. ஆயிலில் ஊறித் தளர்ந்த ரப்பர் அதற்கு இடம்கொடுத்தது. ஒருமுறை இறங்கினால் அந்தப் பாதையில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை இறங்குவது இன்னும் எளிது. புதுக் காயிலும் புது உறையும் போட்டபோது கொஞ்ச காலம் நன்றாக ஓடியதற்கும் பிறகு மறுபடி கெட்டதற்கும் காரணம் பிளக் பீங்கானில் அப்படியே தங்கியிருந்த இந்தக் கோடுதான். அந்தக் கெட்ட உறையை முதலாவது சிலிண்டருக்கு மாற்றியபோது அங்கேயும் சில பொறிகள் உறை வழியே ஓடிப்போயின. சோதனை குழம்பிய காரணமும் அதுவே.

போகிற போக்கில் ஒன்று. நல்ல நான்கு பிளக்குகளிலும் பீங்கான் உலோகத்தைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தது. இதைப் பார்த்துவிட்டு, புகை கசிகிறது, பிளக் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தத்தால் சுற்றியுள்ள ஆயில் தூசு பீங்கானில் ஒட்டிக்கொள்வதால் வரும் கறை அது. கெடுதல் ஒன்றும் இல்லை. அஞ்ச வேண்டியது வளையத்துக்கு அல்ல, மேலிருந்து கீழாக ஓடும் கோட்டுக்கு.

பொருத்தியது

ஆறு பிளக்கும் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துவிட்டேன். ஐந்தாவது சிலிண்டரில் இத்தனை காலம் எரியாத பெட்ரோல் சுவரைக் கழுவியிருக்கிறது. ரிங்கோ சுவரோ பாதிக்கப்பட்டிருந்தால் புதுப் பிளக் போட்டுப் பயனில்லை. திராட்டிலை முழுக்கத் திறந்துவைத்து, எரிபொருளை நிறுத்திச் சுழற்றியதில் ஆறும் 11.8 முதல் 12.4 பார் வரைக்குள் நின்றன. நிம்மதி.

புதிதாக ஆறு இரிடியம் பிளக், கையேடு சொன்ன அதே வெப்ப எண் (பிளக் சூட்டை வெளியேற்றும் திறனின் குறி). நல்ல நான்கை விட்டுவைக்கலாமே என்று உரிமையாளர் கேட்டார், கேள்வி நியாயமானதுதான். அவற்றில் பாதி ஆயுள் மிச்சமிருந்தது. ஆனால் இனி இந்த வண்டியில் எந்தச் சிலிண்டரில் எந்த வயதுப் பிளக் என்று யாரும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை, அதனால் ஒரே வயதில் ஆறும் இருக்கட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

இரிடியம் முனை அரை மில்லிமீட்டர் பருமன்தான். இடைவெளியைப் பார்க்கக் கம்பிக் கேஜ் போதும். நாணய வடிவக் கேஜை உள்ளே நுழைத்து நெம்பினால் முனை உடையும். தரையில் விழுந்த பிளக்கைத் துடைத்துவிட்டுப் போடுவதும் கூடாது, உள்ளே பீங்கான் விரிந்திருந்தால் வெளியே தெரியாது.

எட்டாத பின் குழிகளில் மரையைத் தொடங்க, பிளக்கின் தலையில் செருகிய ரப்பர் குழாய்த் துண்டைவிட நல்ல கருவி இல்லை. குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கிவிடும். ராட்செட் வழுக்காது, மரையை நாசம் செய்துவிட்டுத்தான் நிற்கும். மரைக்குக் கிரீஸ் எதுவும் தடவவில்லை. முலாம் பூசி வரும் பிளக்குகளுக்கு அது தேவையில்லை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்; தடவினால் உராய்வு குறைந்து, டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணைவிட இறுக்கம் மிகுந்துவிடும். 14 மில்லிமீட்டர் மரை, வாஷர் வைத்த இருக்கை, அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இதே 14 மில்லிமீட்டரில் வாஷர் இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குகளுக்கு 10 முதல் 20 தான். இரண்டையும் குழப்பினால் விளைவு கெட்டது.

ஐந்தாவதுக்குப் புதுக் காயில் உறையோடு. ஆறாவதுக்கு உறை மட்டும். ஐந்தாவது காயிலை மல்டிமீட்டரில் அளந்து பிழைக்கவைக்கலாமா என்றால், உள்ளேயே மின்னணுச் சுற்று வைத்த இந்த வகைக் காயிலில் ஓம் எண் எதையும் நிரூபிக்காது. உறைகளின் உள்ளே வாய்ப்புறத்தில் மின்கடத்தாச் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாக ஒரு பூச்சு. அந்தப் பக்க வால்வு கவர் கேஸ்கட்டும் பிளக் குழாய் சீல்களும் மாற்றினேன். அதை விட்டுவிட்டால் புது உறையும் ஆயிலில் ஊறத் தொடங்கும்.

அதே மேடு, அதே சுமை

பழைய குறியீடுகளை அழித்துவிட்டு அதே சரக்கோடு அதே மேட்டில் ஏற்றினேன். வேண்டுமென்றே மேல் கியரில் பிடித்துவைத்து, 1,500 சுற்றில் இழுக்கவிட்டேன். ஆறு சிலிண்டரும் பூஜ்யம்.

மிச்சமிருந்த கவலை, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைச் சீக்கிரம் காட்டச் சொல்கிறது. விட்டு விட்டு எரிந்தால், இப்போதே காலை எடு, கன்வெர்ட்டர் வேகிறது என்கிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளிருக்கும் பீங்கான் கூடு அந்தச் சூட்டில் உருகவும் கூடும். இந்த விளக்கு விட்டு விட்டு எரிய எரிய இவர் மாதக்கணக்கில் மேடு ஏறியிருக்கிறார், அதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அலையாமல் நிற்க வேண்டும். 2, 4, 6 பக்கத்தில் 0.7 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நின்றது. 1, 3, 5 பக்கத்தில் அவ்வப்போது கீழே இறங்கி எழுந்தது. அடைப்பு இருக்கிறதா என்று கன்வெர்ட்டருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தம் பார்த்ததில் குறை இல்லை. குறியீடு எதுவும் இன்னும் விழவில்லை, ஆனால் விழக்கூடும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதி, உரிமையாளருக்குப் படித்துக் காட்டினேன். கழற்றிய ஐந்தாவது பிளக்கையும் அறுத்த உறையையும் அவரிடமே கொடுத்தேன், முன்பு பில் போட்டவர்களிடம் காட்டுவதற்கு.

ஆயில் மாற்ற அடுத்த முறை வந்தபோது மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஆறிலும் பூஜ்யமாகவே இருந்தது, குழிகள் காய்ந்திருந்தன. கூடவே பி0420 விழுந்திருந்தது: முதல் பக்கக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. அந்த ஒன்றை மாற்ற வேண்டியதாயிற்று. மற்ற பக்கத்தைத் தொடவில்லை.